பகுதி

மின்கட்டண ரசீதின் பின்பக்கம்
நான்கு படிப்புகளை எழுதி வைத்திருக்கிறேன்.
சட்டம். மொழிபெயர்ப்பு. மருத்துவப் புள்ளியியல்.
நான்காவதன் மேல் தேநீர்க் கறை.

எல்லாரும் கேட்பது
எதில் உனக்கு ஆசை என்று.
என் மூட்டுகள் கேட்பது வேறு:
அங்கே படிக்கட்டு உண்டா?
பதினொரு மணிக்கு நீ படுத்துக்கொண்டால்
யாராவது பெருமூச்சு விடுவார்களா?

ரோஸ் ஹில்லில் ஒன்பது வருடம்
வேதியியல் நடத்தினேன்.
கடைசி வருடம் சோதனைக் குழாயை
விரல்கள் விட்டுவிட்டன, நான் விடவில்லை.
மயில்துத்தத்தின் நீலம்
மூன்றாம் மேசைக்கு அடியில் இன்னும் இருக்கும்.

முதுகலை என்கிறார்கள்.
அதற்கு முதலில் முதுகு வேண்டும்.
தொலைநிலைக் கல்வி என்கிறார்கள்.
எங்கே போய்த் தொலைந்தாய் என்று
கூட வேலை பார்த்தவர்கள் கேட்டால்
இனி அதையே பதிலாகச் சொல்லலாம்.

சட்டம்தான் முதலில் அடிபட்டது.
போர்ட் லூயி நீதிமன்றத்தில்
பாதிச் சம்பளம் நிற்பதற்கு.
மொழிபெயர்ப்பு கொஞ்ச நாள் தாங்கியது.
பிரெஞ்சு இருக்கிறது, ஆங்கிலம் இருக்கிறது,
கிரியோல் கனவிலேயே வருகிறது,
தமிழ் இந்தக் காகிதத்தில்.
ஏஜென்சிக்காரி ஒளிக்காமல் சொன்னாள்:
இயந்திரம் எழுதியதைத் திருத்தத்தான் ஆள் வேண்டும்,
சொல்லுக்கு இத்தனை காசு,
நேற்றே முடித்துத் தர வேண்டும்.
நேற்று எனக்குக் காய்ச்சல்.

எண்கள் காத்திருக்கும்.
ஒரு சராசரியைப் பாதியில் விட்டுவிட்டு
படுத்து எழுந்து வந்தாலும்
அது அதே சராசரிதான், கோபித்துக்கொள்ளாது.
தவிர, இந்த மாதங்களில் பாரீஸ்
எங்களுக்கு மூன்று மணி நேரம் பின்னால்.
அங்கே முதல் ஆள் கணினியைத் திறப்பதற்குள்
இங்கே என் விரல்களின் விறைப்பு இளகிவிடும்.
ஒரு கடலின் அகலம்
இப்படியும் உதவும் என்று
கப்பலில் வந்த என் முன்னோர் யாரும்
நினைத்திருக்க மாட்டார்கள்.

மெட்ரோ ஓட்டும் சடைவென் கணக்குப் போட்டான்.
நாளுக்கு மூன்று மணி நேரம்,
வாரத்துக்கு ஐந்து நாள்.
இரண்டு வருடப் படிப்பு உனக்கு ஐந்து வருடம்.
கொஞ்சம் கூடவே ஆகலாம்.
பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.
உன் மெட்ரோ பிந்தினால்
இறங்கி ஓடுவாயா நீ, என்றேன்.
அதற்கப்புறம் அவன்தான் தோசை சுட்டான்.

வங்கியில் மிஸ்யே சூப்ராயென்
படிவத்தை என் பக்கம் திருப்பினார்.
இரண்டே கட்டம்: முழுநேர வேலை, வேலையில்லை.
நடுவில் நானாக ஒரு கட்டம் வரைந்து
அதில் குறியிட்டேன்.
மனிதர் சிரித்தார், கெட்டவர் இல்லை.
கணினி இதை ஏற்காது மதாம் என்றார்.

தமிழ் இலக்கணத்தில்
பகுதி என்றால் துண்டு இல்லை ஐயா.
சொல்லின் வேர்.
அது இல்லாமல் ஒரு விகுதியும் நிற்காது.
இதை அவரிடம் சொல்லவில்லை.
குறிப்புகளுக்கு என்று அதில்
ஒரே ஒரு வரிதான் விட்டிருந்தார்கள்.

கறைக்கு அடியில் இருப்பது கடலியல்.
துடைத்துப் பார்க்கவில்லை, எனக்குத் தெரியும்.
ஆசையை எழுதியதும்
கோப்பையை அதன்மேல் வைத்தவள் நான்தான்.
படகில் ஏற வேண்டும், ஈரத்தில் நிற்க வேண்டும்,
கயிறு பிடிக்க வேண்டும்.
மூன்றாவதைச் சுற்றி வட்டம் போட்டேன்.
அதுவும் ஒரே வீச்சில் வரவில்லை.

விண்ணப்பத்தின் கடைசி நாளில்
மூன்றாம் எண் புயல் எச்சரிக்கை.
தீவு முழுவதும் வீட்டுக்குள்.
இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை,
கல்லூரியிலிருந்து மாலினி கூப்பிட்டாள்:
பைத்தியம் பிடிக்கிறது வாசுகி,
எப்படித்தான் வீட்டிலேயே இருக்கிறாயோ!

வந்து பாடம் எடுக்கட்டுமா என்றேன்.

சான்றிதழ்களை ஏற்றினேன்.
பொத்தானை அழுத்த
நடுவிரலைத்தான் நம்ப முடிந்தது.
கடலில் ஒரு சுழல், திரையில் ஒரு சுழல்,
இரண்டும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்க
மின்சாரம் போனது.

போய்ச் சேர்ந்ததா தெரியவில்லை.
மணி பதினொன்று.
படுத்துக்கொண்டேன்,
அட்டவணைப்படி.